அமாவாசையும் இரண்டு யூனிட் இன்சுலினும்

ஆடி அமாவாசை, இரவு.

மூவுலகிலும் இன்று என்னைவிடப் பெரிய மடையன் கிடையாது. அக்கா மகள் துபாய் போகும்போது என்னை நம்பி விட்டுப்போன சர்க்கரை நோய்ப் பூனை, மாமன்னர் துரை. சாப்பிட்ட பிறகுதான் அவருக்கு ஊசி. அவித்த மீனை அவர் என்றைக்கு மறுத்தார் என்ற திமிரில், சாயங்காலம் ஊசியை முதலில் போட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் வீட்டில் மீனே இல்லை.

"இன்னிக்கு அமாவாசைங்க. ஊட்ல கவுச்சி ஆவாதுன்னு தெரியாதா?" என்றாள் என் மனைவி கமலா.

தயிர்சோறு வைத்தேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கால் பின்னி விழுந்தார். எமனின் எருமை விழுப்புரம் முழுக்கக் கேட்கும்படி வாசலில் கனைத்தது.

திண்டிவனம் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "சுகர் எறங்கிடுச்சு. ஜல்தியா ஈறுல தேன் தடவுங்க. முழிச்சதும் எதுனா சாப்பிட வச்சு, இங்க தூக்கினு வாங்க."

ஆறு மாதமாக அவர் கண்ணில் படாமல் பூட்டிவைத்த தேன். "நக்குடா, என் ராஜா" என்று கெஞ்சித் தடவினேன். அழுதேன். இதில் மிகை இல்லை.

கண் திறந்தார். தயிர்சோறு மட்டும் வேண்டாமாம்.

கமலா என் அப்பாவுக்குப் படையல் போட்ட கையாலேயே முட்டையை அவித்து ஊட்டினாள். "உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவரும் சர்க்கரையிலதான போனாரு."

இரண்டு வாய் விழுங்கினார்.

ஊசிக் கணக்கு இந்த டைரியில் இருப்பதால் இதையும் தூக்கிக்கொண்டு திண்டிவனம் வந்தோம். உள்ளே குளுக்கோஸ் ஏறுகிறது. அக்கா மகள் மூன்றாவது முறையாக வீடியோ காலில் அழைக்கிறாள். துரை தலையைத் தூக்கட்டும், எடுக்கிறேன்.