களிம்பை யார் தந்தது?

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். தாராவியில் நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

தையல் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, முகப்பருவுக்குத் தோல் டாக்டரைப் பார்த்தேன். இங்கே தவாகானா என்கிற சின்ன முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியின் டாக்டர் எழுதித் தந்த சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றேன். அங்கே சின்னத் தகராறு, பயப்படாதீர்கள். பின்னால் நின்ற நம்மூர்ப் பக்கத்து ஆள் ஒருவன், "பருவுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? மாப்பிள்ளைக்கு மினுக்கணுமோ? தள்ளுட்டி" என்று சீட்டைப் பிடுங்கினான்.

"விடுல!" என்றேன். சீட்டு கிழிந்தது. செருப்பைக் கழற்றி, அவன் மூக்கில் ரத்தம் வரும்வரை அடித்தேன். காவலாளி இழுத்தபோதும் என் கை நிற்கவில்லை. கிழிந்த சீட்டை ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

டாக்டரம்மா கன்னத்தைத் தொட்டதும் அலறிவிட்டேன். கல்யாணத்துக்கு நிறம் வரட்டுமென்று நீங்கள் அனுப்பிய களிம்புதான் தோலைத் தின்றிருக்கிறதாம். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். "யார் தந்தது?" என்று கேட்டார். "நானே கடையில் வாங்கினேன்" என்றேன்.

தலையணை உறையை அடிக்கடி மாற்றச் சொன்னார். உங்கள் பழைய சேலையில் இரண்டு தைத்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நான் துவைத்துக்கொள்கிறேன்.

இதைக் கொண்டுவரும் பக்கத்து வீட்டு அக்தர் மாமி ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். தங்கச்சி பரீஹா, உம்மாவுக்கு எதையும் விழுங்காமல் வாசித்துக் காட்டு. உம்மா, அவளுக்கும் அதே களிம்பில் ஒரு ட்யூப் வாங்கி வைத்திருப்பீர்கள். அதை அரிவாள்மணையில் வைத்து நறுக்குங்கள். "கரிச்சட்டி" என்று என்னை அடித்த அதே கையால் நறுக்குங்கள்.

சஃப்ரீன்