மங்கிய நடுப்புள்ளி

நெய்யூர்
12.6.2011

அன்பு பிளஸ்ஸிக்கு,

ஸ்தோத்திரம். அம்மை தேறிவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு தானே எழுந்து நடக்கிறாள். "எனக்க பேரைச் சொல்லி இங்க கெடக்காத மக்கா, போய்ப் படி" என்று அவளே விரட்டுகிறாள். ஆகவே ஆய்வு மாணவியாகச் சேர போன வருஷம் நான் விட்டு வந்த உங்கள் நிறுவனத்துக்கே மறுபடி மனுப் போடுகிறேன். ஜூலை 15 கடைசி நாள்.

நம் கட்டுரை வந்துவிட்டதா? தனித்தனியாகப் பார்த்தால் ரேடியோ தொலைநோக்கியில் ஒன்றுமே தெரியாத 312 மங்கலான விண்மீன் மண்டலங்கள். படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதும் நடுவில் ஒரு புள்ளி வந்ததே! உள்ளே கருந்துளை சும்மா இல்லை என்று நீ என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய். அதில் என் பெயர் இருந்தால் போதும், இடம் கிடைத்துவிடும். ஒரு பிரதி அனுப்பு. போனும் எடுக்கிறதில்லை, வலிய ஆளாயிட்டியோ?

உன் அஜிதா

புனே
20.7.2011

அஜிதா,

கட்டுரை மார்ச்சிலேயே வந்துவிட்டது. உன் பெயர் அதில் இல்லை.

முதலில் அடுக்கியபோது ஏன் எதுவும் தெரியவில்லை என்று கண்டுபிடித்தது நீ. விண்மீன் மண்டலத்தின் நடு ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் விலகியிருந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியதும் நீ. நீ ஊருக்குப் போன வாரம் பேராசிரியர், "யார் திருத்தினது?" என்று கேட்டார். "நான்" என்றேன். மறுநாள் மாற்றிச் சொல்ல நினைத்தேன். அதற்குள் எல்லார் முன்னாலும் பாராட்டிவிட்டார்.

உன் கடிதம் ஜூன் 16-லேயே கிடைத்தது. கடைசி நாள் கழியட்டும் என்று காத்திருந்தேன், ஏட்டி. நீ இங்கே வந்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்று பயம். இதையும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

இன்று அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சேர்க்க இதழுக்கும் எழுதியாயிற்று. திட்டியாவது ஒரு வரி எழுது.

பிளஸ்ஸி

நெய்யூர்
4.9.2011

பிளஸ்ஸிக்கு,

திட்டி நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். கட்டுரை இல்லாமலே மனுப் போட்டேன், தள்ளிவிட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன்.

பதிலே வராததால் உனக்கு ஏதோ பெரிய தீனம், படுத்துக் கிடக்கிறாய் என்று நினைத்தேன். சபையில் வாசிக்க ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஜூலையில் உன் கடிதம் வரும்வரை ஞாயிறுதோறும் போதகர் உன் பெயரை வாசித்தார். நடக்கத் தொடங்கின எங்கம்மையும் உனக்காக முழங்காலில் நின்றாள்.

நீ சுகமாகத்தான் இருந்திருக்கிறாய். இனி எழுத வேண்டாம்.

ஞா. அஜிதா