சாக்குக்குள் துழாவும் கை

ராகலை
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா?

எல்லாம் நல்லபடி முடிந்ததால்தான் இதைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை என் வகுப்பைப் பார்க்க அதிகாரி வந்தார். அவர் சரி என்றால்தான் என் வேலை நிரந்தரம். பாடம் ‘ஃபிஷ்’ என்ற ஆங்கில வினைச்சொல். மீன் பிடிப்பது என்ற பொருளை நம் பேசாலையில் நீங்கள் வலை போடுவதை வைத்துச் சொல்லிவிட்டேன். பைக்குள் கைவிட்டுத் துழாவுவதற்கும் அதே சொல்தான் என்றபோது பிள்ளைகள் விழித்தார்கள். எனக்கும் அதற்கு உதாரணம் ஒன்றும் அகப்படவில்லை.

அப்போது சர்மிளா என்ற பிள்ளை எழுந்தாள்.

“டீச்சர், கொழுந்து நிறுக்கிறப்ப கணக்கப்பிள்ளை சாக்குக்குள்ள கைய விட்டு முத்துன எல இருக்கான்னு தேடுவாருங்க. அதுங்களா?”

வகுப்பே சிரித்தது. எல்லாருடைய அம்மாமாரும் இங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து அந்தக் கைக்கு முன்னால் நின்றவர்கள்தான். பிறகு ஆளுக்கொரு வாக்கியம் சொன்னார்கள். அதிகாரி சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

முடிந்தால் கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். போன முறை அனுப்பியது தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது. பெட்டியை மட்டும் எறியவில்லை. நேற்றும் அதற்குள் கைவிட்டுத் துழாவினேன். விரலில் உப்பு ஒட்டியது.

பூசைக்குப் போகும் பஸ் வருகிறது, அப்பா.

உங்கள் மகள்
ஜெனிற்றா