என் பக்கத்துப் பிரேக்

மார்ச் 4

என்னிடம் கார் ஓட்டக் கற்கும் பல் டாக்டர் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். ஊருக்கே வாயைத் திறக்கச் சொல்கிறவரிடம் கண்ணைத் திறங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. நல்லவேளை, கற்றுக்கொடுக்கிற காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

வகுப்பு முடிந்ததும் காருக்குள்ளேயே உட்கார்ந்து படித்தேன். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் மகள் பெருமூச்சு விடுகிறாள். பி.ஏ. வரலாறு. அவள் என் வயிற்றில் இருந்தபோது இறுதியாண்டில் நின்றது. இப்போது அவளுக்கே ஒரு குழந்தை. மறுபடி சேர்ந்து எழுதியதில் இன்னும் ஒரே ஒரு தாள்தான் பாக்கி.

மார்ச் 11

சனி, ஞாயிறு நான் படிக்கப் போய்விடுவதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மகளுக்குக் கோபம்.

"இந்த வயசுல பட்டம் வாங்கி யாருக்கும்மா காட்டப் போறே?"

யாருக்கும் இல்லை, எனக்கு வேண்டும் என்றேன். அவ்வளவுதான். இதை இன்னும் எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டார். மதில்மேல் பூனை.

ஏப்ரல் 2

கெடுத்துக்கொண்டேன். நானே கெடுத்துக்கொண்டேன்.

தேர்வு அறையில் பக்கத்து மேசையில் ஒரு பெண். எழுதியதையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவர் தடுமாறினால் சும்மா இருக்க எனக்குத் தெரியுமா? "பதறாதம்மா, மெதுவா, நேரா பாரு" என்று சொல்லிவிட்டேன். தினமும் சொல்வதுதானே. கண்காணிப்பாளர் காப்பி அடிக்கிறேன் என்று விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இதெல்லாம் எனக்குத் தேவையா? வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா நான்?

இந்தத் தாளை இன்னும் ஒரே முறைதான் எழுத விடுவார்கள். அதுவும் போனால் முதலிலிருந்து சேர வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 3

வேலைக்குப் போனேன். வந்தேன். படுத்தேன்.

ஏப்ரல் 9

மகளிடம் சொல்லியே விட்டேன். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பாள் என்று காத்திருந்தேன். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள்.

"என்னாலதான உன் படிப்பு நின்னுச்சு. நீ புத்தகத்த எடுத்தாலே எனக்கு உறுத்தும்மா. அதான் வேணாம் வேணாம்னேன்."

இத்தனை நாள் இதையா சுமந்துகொண்டிருந்தாள்? "நிறுத்துனது அன்னைக்கு இருந்த பெரியவங்க. உனக்கும் அதுக்கும் என்னடி?" என்று அதட்டினேன். பிறகு நானும் அழுதேன். குழந்தை எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தது.

நவம்பர் 6

தேர்வு. குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு மகளே காரில் கூட்டிப் போனாள். அவள் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவள் இல்லை. "உன்கிட்ட கத்துக்கிட்டா கடைசிவரைக்கும் நீதான் ஓட்டுவே" என்று வேறு ஆளிடம் போனாள். அப்போது எனக்கு வருத்தம்தான்.

இன்றும் ஒவ்வொரு திருப்பத்திலும் என் கால் தரையை மிதித்தது.

"அம்மா, அங்க பிரேக் இல்ல."

வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னாள்: "பக்கத்துல யார் முட்டுனாலும் மோதுனாலும் திரும்பாத. இன்னைக்கு நீ மட்டும் ஓட்டு."

பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாருடைய பேனாவோ உருண்டு வந்து என் காலடியில் நின்றது. மனசு கிடந்து தவித்தது. ஆனால் திரும்பவில்லை. எல்லாக் கேள்விகளுக்கும் எழுதினேன்.

ஜனவரி 20

தேறிவிட்டேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து கை கொடுத்தார். பூனை ஒருவழியாகக் குதித்துவிட்டது.

மார்ச் 15

பட்டமளிப்பு விழா வேறு ஊரில். மகள் ஓட்டினாள், அவரும் குழந்தையும் பின்னால். வழியில் என்னென்ன வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மண்டப வாசலில் மகள் தோளைத் தட்டி எழுப்பினாள். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் நான் இதுவரை தூங்கியதே இல்லை.