கடைசிப் பக்கத்தைப் படமெடுக்காதே

மெக்னெஸ்,
செவ்வாய்க்கிழமை, விடாத மழை

என் மக்லூஃபுக்கு அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலியும் எனக்கு உன் அப்பாவின் வாயும், இவற்றைத் தவிர இந்த வீட்டில் வேறு தொந்தரவு இல்லை, கடவுள் காத்து வருகிறார். நீயும் ஷைனாவும் அவள் வயிற்றில் இருக்கிற கண்மணியும் சுகமாக இருக்க வேண்டும், ஐந்து விரலையும் விரித்துக் காட்டிச் சொல்கிறேன், எந்தக் கண்ணும் பட்டுவிடக் கூடாது. மூன்று வாரமாக நீ போன் செய்யும்போதெல்லாம் நான் அப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர், அவள் உயிரோடு இருந்து காதால் கேட்டு மகிழும்படி வைப்பது நம் வழக்கம், ஸ்கேனில் பெண் என்று தெரிந்துவிட்டது, அதனால் இவள் என் பெயரில் பெர்லா. நீ ஷைனாவின் அம்மா அழுகிறார்கள் என்றாய். உயிரோட இருக்கறவங்க பேரையா வைக்கப் போறீங்க, அந்தம்மா எப்ப போவாங்கன்னு பாத்துக்கிட்டிருக்கீங்களா என்று அவர் கேட்டதாகச் சொன்னாய். அவர்களும் நம்மைப் போல யூதர்கள்தான், ஆனால் போலந்துப் பக்கத்தவர்கள், இறந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா. நீ பாக்கலாம்மா என்றாய் பார், அதுதான் என்னைச் சுட்டது.

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நம் யூதச் சமூக அலுவலகத்தில் செயலாளராக இருக்கிற ஷெமாயாவை உனக்கு நினைவிருக்கும், சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் பையன்களுக்குப் பாதாம் மிட்டாய் கொடுத்து உங்கள் காதைத் திருகுவானே, அவனேதான். அங்கே ஒரு அலமாரி நிறையக் கல்யாணப் பதிவு, அடக்கப் பதிவு, பழைய ஏடுகள் எல்லாம் ஈரத்தில் ஊறிக் கிடக்கின்றன. பிரான்சில் மார்செயிலிருந்து ஒரு பெண் தன் தாத்தாவின் பெயரைக் கேட்டு எழுதினாள், அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஷெமாயாவுக்கு இரண்டு மாதமும் ஒரு மூக்குக் கண்ணாடியும் ஆயிற்று. இப்படிப்பட்ட ஏடுகளைப் படமெடுத்து, பெயர்களை வரிசைப்படுத்தி, உலகத்தில் எங்கிருந்தும் தேடும்படி வைக்கிற வேலைகளுக்கு உதவி செய்கிற ஒரு நிதிக்குழு வெளிநாட்டில் இருக்கிறது. அவர்களுக்கு விண்ணப்பம் போட வேண்டும், மாதிரிக்கு ஒரு ஏட்டில் எழுத்து உள்ள பக்கங்களைப் படமெடுத்து இருநூறு பெயர்களை அட்டவணையாக அனுப்ப வேண்டும். எந்த ஏடு என்று நினைக்கிறாய், என் அப்பாவுடையது. உன் தாத்தா மீமூன் துணிக்கடை வைத்திருந்தாலும் ஊர் அவரை அறிந்தது பையன்களுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்துவைப்பவராக. தன் கை பட்ட ஒவ்வொரு பையனையும் நாள், தகப்பன் பெயர், தாய் பெயரோடு அந்த ஏட்டில் எழுதினார், முப்பத்தோரு வருஷம். உன் பெரிய மாமா அதை இஸ்ரேலுக்கு, அஷ்டோதுக்கு எடுத்துப் போயிருந்தார், இந்த வேலைக்காகத் திருப்பி அனுப்பினார். அப்பாவின் கிறுக்கலைப் படிக்க இந்த ஊரில் மிச்சமிருப்பவள் நான் ஒருத்தி. அதனால் ஷெமாயா வந்து, அக்கா, நீ இல்லேன்னா இது எனக்குக் கோழி கெளறின மண்ணு, வந்து ஒக்காரு என்று கெஞ்சினான். கோடை முழுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியும் ஒரு வாசல்படி மாதிரி இருந்தது. பெயரைப் படித்ததும் அந்த வீட்டு வாசனை வந்துவிடும், இவர்கள் வீட்டில் சீரகம், அவர்கள் வீட்டில் தோல் பதனிடும் நாற்றம், மூலை வீட்டில் ஊறுகாய் ஆலிவ். தெருவில் பாதிப்பேர் பிரான்ஸ், பாதிப்பேர் இஸ்ரேல், ஏட்டில் மட்டும் எல்லோரும் இன்னும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அட்டவணை போய்ச் சேர்ந்தது. குழுவில் சரிபார்க்கிறவர் ஃப்ரீடா என்று ஒரு அம்மாள், நல்ல மனசு, எங்களுக்கு வேலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அவராகவே ஒரு கட்டம் சேர்த்து நிரப்பி அனுப்பினார். எந்த வீட்டில் பேரனுக்குத் தாத்தா பெயர் இருக்கிறதோ அந்தத் தாத்தா அதற்கு முன்பே இறந்தவர் என்று. ஊரில் பாதியைக் கொன்றுவிட்டார் மக்லூஃப்! தொண்ணூற்று நாலு வயது வாழ்ந்த ஷெமாயாவின் தாத்தா 1951-ஆம் வருஷமே போய்விட்டாராம். பெரிய மாமா தன் மகனுக்கு மீமூன் என்று வைத்ததால் என் அப்பாவும் அந்த வருஷமே காலி. அப்புறம் பதினேழு வருஷம் அந்த ஏட்டில் எழுதியது யார் கையோ. உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், அடியே பெர்லா, அப்ப நம்ம கல்யாணத்துல எனக்கு எதிரே ஒக்காந்து மூணு தட்டு சாப்பிட்டது யாரு, உங்கப்பா ஆவியா, ஆவிக்கு இவ்வளவு பசியா என்று.

ஷெமாயா சிரிக்கவில்லை. இதச் சரி பண்ணலேன்னா மொத்த வேலையும் தப்புன்னு ஒதுக்கிடுவாங்க, நீயே விளக்கி எழுது அக்கா என்றான். எழுதினேன். எங்கள் ஊரில் பேரக்குழந்தையின் பெயர் இறந்தவருக்கு வைக்கிற நடுகல் அல்ல, உயிரோடு இருப்பவருக்குக் கொடுக்கிற பரிசு என்று எழுதினேன். நான் பிறந்தபோது அப்பாவின் அம்மா பெர்லா தன் கை வளையலைக் கழற்றி என் தொட்டிலில் போட்டதையும் எழுதினேன். வாசலில் யாராவது பெர்லா என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் அசைய மாட்டோம், சின்னவளத்தான் கூப்பிட்டாங்க, இல்ல பெரியவங்களத்தான் என்று சண்டை போடுவோம், அதையும் எழுதினேன். எழுதும்போது உன்னைத் திட்டுகிற மாதிரியே இருந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. ஃப்ரீடா அம்மாள் மன்னிப்புக் கேட்டு, கட்டத்தை நீக்கிவிட்டு, கீழே தன் கையால் நாலு வரி எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் சாவின் தூதன் கையில் பெயர்ச் சீட்டோடு வருவான் என்று சொல்வார்கள், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தவறிப் போய் வேறு ஆளைக் கூட்டிப் போய்விடுவானாம், அதனால் நாங்கள் மிகவும் நேசிக்கிறவர்களின் பெயரைத்தான் மிகவும் பயந்து ஒளித்து வைப்போம், பிழை என் பயத்தினுடையது, உங்களுடையது அல்ல என்று. அதை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவைதான் ஷைனாவின் அம்மா அழுதது என் காதில் விழுந்தது. அவர் என்னை வேண்டாம் என்று அழவில்லை. எனக்கும் அந்தக் குழந்தைக்கும் சேர்த்துப் பயந்து அழுதிருக்கிறார். இதை நீ எனக்குச் சொல்லியிருக்கலாம். நான்தான் கேட்கும்படி இல்லையோ என்னவோ.

அதே கடிதத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் குழந்தைக் கையெழுத்தில் ஒரு பெண் பெயர் இருக்கிறதே, பையன்கள் ஏட்டில் அது என்ன என்று. ஷெமாயா என்னைப் பார்த்தான். அறுபது வருஷம் யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் டீச்சர் பிறந்த தேதி கேட்டார், சின்ன அண்ணன்கள் அப்பாவின் ஏட்டைப் பார்த்துச் சொன்னார்கள், நான் தேடினேன், நான் எதிலும் இல்லை. கத்திப் பெட்டியோடு இருக்கிற அந்த ஏட்டைப் பெண்பிள்ளைகள் தொடக்கூடாது. ஒரு ராத்திரி எல்லோரும் தூங்கியதும் முற்றத்து விளக்கடியில் அப்பாவின் பேனாவை எடுத்து, பல் கிடுகிடுக்க, பெர்லா, மீமூனின் மகள் என்று எழுதினேன். தேதி தெரியாது, அந்த இடத்தைக் காலியாக விட்டேன். மறுநாளிலிருந்து அப்பா செருமினாலே அடுக்களைக்குள் ஓடிவிடுவேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு கல்யாணமாகி, உன்னையும் பெற்று, அவரை அடக்கமும் செய்துவிட்டேன். கோடையில் அந்தப் பக்கம் வந்தபோது இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன், பயம் இன்னும் போகவில்லை பார். இப்போது ஷெமாயா படத்தைத் திரையில் பெரிதாக்கினான். காலி இடம் காலியாக இல்லை. அப்பாவின் பொடி எழுத்தில் நான் பிறந்த நாள். அதற்குப் பக்கத்தில், நான் எழுத மறந்த என் அம்மாவின் பெயர், ஹனினா. அடுத்த பையனின் வரி அதற்குக் கீழே, அதே மையில். அந்த வாரமே பார்த்திருக்கிறார். ஒரு சொல் திட்டவில்லை, அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. விட்டுப்போனதை நிரப்பிவிட்டு ஏட்டை அதே இடத்தில் வைத்திருக்கிறார். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன், ஷெமாயா தேநீர் போடுகிறேன் என்று சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டான், அப்படியே குடித்தோம்.

உதவி கிடைத்துவிட்டது, அதுவும் நல்ல செய்தி. அரை எழுத்து என்கிற அந்தக் காலத்துக் கூட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்த இரண்டு வெளியூர் மாணவர்களுக்குச் சம்பளமும் நல்ல கேமராவும் வரும். ஒரு நிபந்தனை, நூறு வயது ஆகாதவர்களின் பெயரை வெளியே காட்ட மாட்டார்களாம். ஊரையே மொதல்ல சாகடிச்சாங்க, இப்ப உசுரோட இருக்கறவங்கள ஒளிச்சு வைக்கிறாங்க என்கிறார் உன் அப்பா. என் வரியை நீ பார்க்க வேண்டுமென்றால் இங்கே வந்துதான் பார்க்க வேண்டும்.

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெயருக்காக ஷைனாவை வற்புறுத்தாதே. அவள் பயப்படாமல் கூப்பிடக்கூடிய பெயரை வையுங்கள், அவள் அம்மாவுக்கு நான் வணக்கம் சொன்னதாகச் சொல், எனக்காகப் பயந்ததற்கு நன்றி என்றும் சொல். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆசை இருக்கிறது, அது என்னோடு இருக்கட்டும். அவளுக்குப் பிரசவமானதும் வெந்தயம் போட்ட கோழிக்குழம்பு செய்து கொடு, வாசனைக்கு முகம் சுளிப்பாள், பால் ஊறும் என்று சொல்லிக் கொடு. நீ தொப்பி போடாமல் பனியில் போகாதே. பிறக்காத குழந்தையைப் பற்றி எழுதி வைக்கக்கூடாது, அதனால் நான் எங்கும் ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஆனால் அப்பாவின் ஏட்டில் அவர் கடைசியாக எழுதிய பக்கத்துக்குப் பின்னால் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. டிசம்பரில் வருகிற ஹனுக்கா விளக்குப் பண்டிகைக்குள் எல்லாப் படங்களும் போய்ச் சேர வேண்டும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் இப்போது படமெடுக்காதே என்று ஷெமாயாவிடம் சொல்லி வைத்தேன். அக்கா, அது வெறும் பக்கம்தானே என்றான். ஆமாடா, அதனாலதான் என்றேன். ஏட்டை மூடி வைத்துவிட்டு, சரி, பேனாவ நானே கொண்டு வர்றேன் என்றான்.

குழந்தை நல்லபடியாக வெளிச்சத்துக்கு வரட்டும், உன் வீட்டு வாசல் சிரிப்புச் சத்தத்தில் அடைபட்டுப் போகட்டும், நீங்கள் மூவரும் நூற்றிருபது வருஷம் வாழ்ந்து அந்த அட்டவணையில் தாராளமாகத் தெரியுங்கள். மறந்துவிடாதே, பிறந்த நாள், அவள் பெயர், உன் பெயர், ஷைனாவின் முழுப்பெயர், நான்கும் வேண்டும். இந்தத் தடவை போனை நானே எடுப்பேன்.

உன் அம்மா
பெர்லா, மீமூனுக்கும் ஹனினாவுக்கும் மகள்