கொண்டையோடு எண்பத்தைந்து

மார்ச் 4
வெட்கக்கேடுதான், எழுதிவிடுகிறேன். ஆராய்ச்சிக்கு உயரம் அளக்கும்போது பிள்ளைகளின் காலைப் பலகையோடு அழுத்திப் பிடிப்பது என் வேலை. பின்னலை அவிழ்க்கச் சொல்லி ஊரையே விரட்டுகிறவளும் நான்தான். இன்று என் கடைசி மகள் அஜ்வாங்குக்கு மட்டும் உச்சிக்கொண்டை. "காலைப் பிடிக்கிறவ மகளே குள்ளமா?" என்று பக்கத்து வீட்டு ஒபூயாவின் அம்மா சிரிப்பாளே! கொண்டையோடு எண்பத்தைந்து சென்டிமீட்டர். நான் சொன்னதை, ஆராய்ச்சிக்காக வந்திருக்கும் நஃபுலா தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 11
வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளுக்கு வாராவாரம் விரலில் குத்தி மலேரியா பார்க்கிறார்கள். கொண்டை தந்த உயரத்தில் அஜ்வாங் தப்பித்தாள். சந்தோஷப்படவா? தெரியவில்லை.

மார்ச் 19
தலை சுற்றுகிறது. மலேரியா வந்து வந்து பிள்ளை வளராமல் போகிறதா, வளராத பிள்ளையைத்தான் மலேரியா பிடிக்கிறதா? நஃபுலாவிடம் கேட்டேன்.
"அது தெரியாமத்தானே அக்கா, ஊர் ஊரா பலகையத் தூக்கிட்டு அலையிறோம்."
படித்தவளுக்கே தெரியாதாம்! ஒபூயா பூசணிக்காய் மாதிரி இருக்கிறான். அவனுக்கே மலேரியா இரண்டு தடவை வந்துவிட்டது. "உன் பையன் கொசுவுக்கு விருந்து வைக்கிறான்டி" என்றேன். அவன் அம்மா சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2
அஜ்வாங்குக்கு உடம்பு அனல். களியும் வேண்டாம், ஒமேனா மீனும் வேண்டாமாம்.

ஏப்ரல் 3
மலேரியாதான். ரத்தம் ரொம்பக் குறைஞ்சு போச்சாம். "ரொம்ப நாளா உள்ளேயே இருந்திருக்கும்மா. வாராவாரம் பாக்கலையா?" என்று நர்ஸ் கேட்கிறாள். என்னன்னு சொல்வேன்? கொண்டை பண்ணின வேலையா இது? இல்ல, எப்படியும் வந்திருக்குமா? எந்தக் கணக்கும் புரியல — பிள்ளை கண்ணத் திறந்தா போதும்.

ஏப்ரல் 6
கூழ் கேட்டாள்! நஃபுலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நின்றேன். அவள் ஏட்டில் பழைய எண்பத்தைந்தை அடித்துவிட்டாள்.
"பொய்யான எண்ண வெச்சுக்கிட்டு உங்க கேள்விக்கு எப்பக்கா பதில் கண்டுபிடிக்கிறது?"
மீன் சாற்றோடு வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்ட ஒபூயாவின் அம்மா, "கொண்டைய நீ போட்டுக்கடி, நீதான் அவளவிடக் குள்ளம்" என்றாள். சிரித்தேனா அழுதேனா, எனக்கே குழப்பம்.

ஏப்ரல் 29
தலையை அவிழ்த்து அளந்தோம். எண்பத்திரண்டு. எல்லோர் முன்னாலும் நானே உரக்கப் படித்தேன். வாராவாரப் பட்டியலில் அஜ்வாங் பெயர் ஏறியது. பிறகு எடை. தராசில் தொங்கியபடியே நஃபுலாவின் செருப்பு நிறையச் சிறுநீர் கழித்தாள். முள் கொஞ்சம் இறங்கியது. நஃபுலா கால் கழுவப் போனாள். இறங்கிய எடையையே எழுதினேன்.