தனியாகப் பிய்த்துக் கொடுத்த ரொட்டி

786

திண்டுக்கல்
8-10-1961

அன்பு மகன் அப்துல் சுக்கூருக்கு உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வக்த்திலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பினாங்கில் மழைக்காலம் என்று எழுதியிருந்தாய், நனைந்த சட்டையோடு அடுப்படியில் நிற்காதே. இங்கே இந்த வருஷம் மழை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது, விறகு காய்ந்திருப்பதால் ரொட்டி அடுப்புக்கு மட்டும் நல்லது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், உன் தங்கச்சி கமர்ஜஹானுக்கு இடம் அமைந்துவிட்டது. வத்தலக்குண்டில் பழக் கமிஷன் கடை வைத்திருக்கும் பீர் முகமது ராவுத்தரின் இரண்டாவது மகன், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், பீடி சிகரெட் கிடையாது. ரஜப் மாதத்தில் நிக்காஹ் என்று பேச்சு. இவ்வளவு பெரிய விஷயத்தில் அம்மா ஒரு வரி கூட எழுதவில்லையே என்று நீ யோசிப்பாய். உன் அம்மா என்னோடு பேசி இரண்டு வாரம் ஆகிறது. சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், வாயை மட்டும் திறப்பதில்லை. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன், இதுவரை மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

கப்பலில் வந்த உன் கூட்டாளியிடம் நீ கொடுத்தனுப்பிய தைலமும் துண்டும் இரண்டு சீஸ் டின்னும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நீ வேலை பார்க்கும் ஓட்டலில் துரைமார் மேசை நடுவில் ஒரே பெரிய ரொட்டியை வைத்து, கத்தி இல்லாமல் ஆளுக்கொரு துண்டாகக் கையாலேயே பிய்த்துத் தின்கிறார்கள், உள்ளே உப்புச் சீஸ் உருகி நிற்கிறது, பார்த்தால் நம் வீட்டுச் சஹன் ஞாபகம் வருகிறது அத்தா என்று எழுதியிருந்தாய் அல்லவா. நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்துச் சாப்பிடுவது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அங்கேயும் இப்படி உண்டா என்று எனக்கு ஒரே குஷி. அங்கே நம் ஆட்களும் சாப்பிடுகிற சீஸ்தான் என்று நீ எழுதியிருந்ததைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகுதான் டின்னை உடைத்தேன். உன் அம்மா மோந்து பார்த்துவிட்டு இது துவைக்கிற சோப்பு, பையனை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றாள். அப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை கெட்டுப்போயிற்று. மாவு உருண்டைக்குள் சீஸை வைத்து மூடின வாய் மேலே பார்த்து இருந்ததால் சூட்டில் எல்லாம் பிளந்து, சீஸ் வெளியே வழிந்து தட்டோடு கருகிவிட்டது. அடுத்த தடவை முதல்நாள் எடுத்து வைத்த புளித்த மாவைக் கலந்து நன்றாகப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டி, சீஸைத் துருவி அதோடு பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் பொடியாக அரிந்து சேர்த்து உள்ளே வைத்து, மூடின வாய் அடியில் போகிற மாதிரி வட்டத் தட்டில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கும்படி அடுக்கினேன். செத்த நேரம் துணி போட்டு மூடி வைத்தால் உப்பி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. மேலே வெண்ணெய் தடவி அடுப்பில் வைத்து எடுத்தால் பத்தொன்பது உருண்டையும் சேர்ந்து ஒரே ரொட்டி. ஓரத்தில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் பக்கத்து உருண்டையிலிருந்து நூல் மாதிரி சீஸ் கூடவே வருகிறது. முப்பது வருஷமாக பன்னும் ரொட்டியும் போடுகிறேன், இப்படி ஒன்று என் கையால் வந்ததில்லை. கர்வம் வந்துவிட்டது தம்பி, மறைக்காமல் சொல்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இதைத்தான் சஹனில் வைப்பது, வத்தலக்குண்டுக்காரர்கள் அசந்து போக வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

போன மாதம் இருபத்துநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஆண்கள் ஏழு பேர், பெண்கள் நாலு பேர். நம் குடும்பத்து வழக்கம் உனக்குத் தெரியும், மாப்பிள்ளையின் அத்தாவோடு முதல் சஹனில் பெண்ணின் தாய்மாமன் உட்கார வேண்டும். உன் மாமா சேக் பரீது காலையிலேயே குளித்து, பெருநாளைக்குத் தைத்த வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, நேரத்துக்கு வந்துவிட்டான். ஆனால் தோல் பதனிடுகிற ஷாப்பில் இருபத்தைந்து வருஷம் சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் கிடந்த கை, அது எத்தனை குளித்தாலும் போகாது. நகமெல்லாம் பழுப்பு, விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. அந்தக் கையை நான் தினம் பார்த்தவன்தான், அன்றைக்குத்தான் ஏதோ புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பாய் விரித்து, பீர் முகமது ராவுத்தரும் அவர் அண்ணனும் உட்கார்ந்து, ரொட்டியை நடுவில் கொண்டுவந்து வைத்தாயிற்று. பரீது சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்காலை மடக்கி உட்காரப் போனான். பீர் முகமது ராவுத்தரின் கண் அவன் கை மேல் போனது. போனதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, இன்றுவரை தெரியவில்லை. யாரும் பிஸ்மில்லாஹ் சொல்வதற்கு முன்னால் நானே எட்டி ஒரு உருண்டையைப் பிய்த்து ஒரு சாஸரில் வைத்து அவன் கையில் கொடுத்து, பரீது, நீ இத எடுத்துக்கிட்டு உள்ள போ, பொம்பளையாளுகளுக்கு என்ன வேணும்னு பாரு என்று சொல்லிவிட்டேன். பக்கத்து ஜவுளிக்கடைக்காரரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைத்தேன்.

அவன் தன் கையை ஒரு தடவை பார்த்தான், சாஸரை வாங்கிக்கொண்டு எழுந்து போனான். அதோடு நின்றிருந்தாலாவது வேலைக்கு அனுப்பினேன் என்று சமாளித்திருக்கலாம். பீர் முகமது ராவுத்தர், போறவரு யாரு என்று சாதாரணமாகத்தான் கேட்டார். என் வாயிலிருந்து வந்தது, தூரத்துச் சொந்தம், ஒத்தாசைக்கு வந்திருக்காரு என்பது. திரைக்கு அந்தப் பக்கம் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் கூடப்பிறந்தவன், அவளுடைய ஒரே தம்பி. அவர்கள் அத்தா மவுத்தான பிறகு, அக்காளை ஒரு நல்ல இடத்தில் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று பதினாலு வயதில் அந்தக் குழிக்குள் இறங்கினவன். அந்த நல்ல இடம் நான்தான் தம்பி.

அன்றைக்கு எல்லாம் சிறப்பாக நடந்தது என்பதுதான் கொடுமை. ரொட்டியை அவர்கள் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள், கலியாணத்துக்கும் இதே ரொட்டி வைக்க வேண்டும் என்று பீர் முகமது ராவுத்தர் என் தோளைத் தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பாத்திஹா ஓதி, பேச்சை முடித்து அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால் அடுப்படி மேடையில் அந்தச் சாஸர் இருக்கிறது, ரொட்டி கடிபடாமல் அப்படியே இருக்கிறது, பரீது போய்விட்டான். உன் அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த ஒரு வழி கிடைத்திருக்கும், என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

முதல் வாரம் நான் செய்தது இன்னும் கேவலம். ஒரு ரொட்டி போட்டு, கடையில் வேலை செய்யும் ஆள் மூலம் பரீது வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், நானே போகவில்லை. ரொட்டி நல்லாருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்க என்று ஆள் திரும்பி வந்து சொன்னான். பிறகுதான் தெரிந்தது, அதைத் தெருப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுவிட்டார்களாம். உன்னை விட்டு அவனுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம் என்றும் யோசித்தேன். நீ என்றால் அவனுக்கு உயிர், நீ எழுதினால் மனம் இளகிவிடுவான். உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன் என்பது பிறகு எனக்கே உறைத்தது. அதனால் சொல்கிறேன், எனக்காக நீ அவனுக்கு ஒரு வரியும் எழுதக் கூடாது.

போன வியாழக்கிழமை மத்தியானம் நானே ஒரு ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு தோல் ஷாப்புக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் உள்ளே காலை வைத்ததில்லை, வாசலோடு திரும்புகிறவன். சாப்பாட்டு நேரம், கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன், பரீது, அன்னிக்கு உன்னைத் தூரத்துச் சொந்தம்னு சொன்னேன், பொய் சொன்னேன், உன் கையப் பாத்து வெக்கப்பட்டுச் சொன்னேன் என்று. ரொட்டியை அவிழ்த்து நடுவில் வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன். அவன் எழுந்து தொட்டிக்குப் போனான். சோப்புப் போட்டுக் கழுவினான், தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தான், மறுபடி சோப்புப் போட்டான். நேரம் போய்க்கொண்டே இருந்தது, எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. வந்து என் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை, நிஜமாகவே கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"இதுக்கு மேல போகாது மச்சான். தொடலாமா?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அத்தனை பேர் பார்க்க. அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் ரொட்டியை எடுக்கவும் இல்லை, மற்றவர்கள் பக்கம் நகர்த்திவிட்டான். கலியாணத்துக்கு வாரேன் மச்சான், கமருக்காக வாரேன், பந்தி விசாரிக்கிறேன், சஹன்ல மட்டும் உக்காரச் சொல்லாதீங்க என்றான். அவ்வளவுதான். சங்கு ஊதியது, குழிப் பக்கம் போய்விட்டான்.

அவன் வர மாட்டேன் என்று சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். மருமகள் கலியாணத்தில் தாய்மாமன் பரிமாறுகிற ஆளாக நிற்கிறேன் என்கிறான், நான் சொன்ன பொய்யை எனக்காக அவன் மெய்யாக்கித் தருகிறேன் என்கிறான். இதை நான் வாங்கிக்கொண்டால் சாகிற வரைக்கும் உன் அம்மா முகத்தில் முழிக்க முடியாது. ஆகவே நாளைத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு போகிறேன். பீர் முகமது ராவுத்தரிடம், அன்றைக்குச் சாஸரோடு எழுந்து போனவர்தான் பெண்ணின் சொந்தத் தாய்மாமன், தோல் ஷாப்பு வேலைக்காரர், நான்தான் அவரை மறைத்தேன் என்று சொல்லப் போகிறேன். கலியாணத்தில் முதல் சஹனில் அவரோடு உட்கார உங்களுக்குச் சம்மதமா என்றும் கேட்கப் போகிறேன். அவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்வாரா, பொய்யன் வீட்டில் பெண் வேண்டாம் என்பாரா, எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கலியாணம் இருக்கிறதோ இல்லையோ. இன்று சாயங்காலம் கமர்ஜஹானைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, இதில் உன் வாழ்க்கை இருக்கிறதம்மா, வேண்டாம் என்றால் போகவில்லை என்றேன். மொத பஸ் அஞ்சரைக்கே, வெரசாத் தூங்குங்க என்றாள். மகளிடம் இப்படி ஒரு சம்மதம் கேட்கிற நிலைமை எந்தத் தகப்பனுக்கும் வரக் கூடாது.

உன் அத்தா நல்லவன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அதில் பாதியைக் குறைத்துக்கொள். உனக்கு அங்கே பல சாதி, பல தேசத்து ஆட்களோடு பழக்கம், யார் கையையும் பார்த்து யாரையும் எடை போடாதே, இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் சொல்கிறேன். தொழுகையை விடாதே, வெயிலில் தொப்பி போட்டுக்கொள், அனுப்பின துண்டு நன்றாக இருக்கிறது, இன்னொரு டின் சீஸ் மட்டும் அனுப்ப வேண்டாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் தருவானாக. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. ரஜப்புக்கு முன்னால் நீ ஊருக்கு வரும்போது, நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலேறித் திண்டுக்கல் வந்ததும் நேராக நம் வீட்டுக்கு வராதே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போ. அவனோடு ஒரே தட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. அதற்குப் பிறகும் இந்த வீட்டுக்கு வர உனக்கு மனம் இருந்தால் வா.

துஆவில் உனக்காகக் கையேந்தும் உன் அத்தா,
ரொட்டிக்கடை சாகுல் ஹமீது